இடது முன்சில்லில் ஒயில்

முதலில் கண்டது நானில்லை, பக்கத்து வீட்டுப் பெடியன். "மாமா, உங்கட வாகனத்துக்கு மூக்கு வடியுது" என்றான். குனிந்து பார்த்தேன். இடது முன்சில்லின் உட்பக்கத்தில் கறுப்பாகக் கொழகொழவென்று ஏதோ வழிந்து றிம்மில் இறங்கியிருந்தது. அதில் கிறவல் தூசி ஒட்டி, கருப்பட்டிப் பாகில் மா பிசறிய மாதிரிக் கிடந்தது.

வாகனம் டொயோட்டா ஹைலக்ஸ் டபிள்கப், எல்என்106. 1988 முதல் 1997 வரை வந்த உடம்பு, என்னுடையது 1994. உள்ளே 3எல் டீசல் எஞ்சின், 2779 சிசி, டர்போ கிடையாது. முன்னுக்கும் பின்னுக்கும் கட்டை அச்சு (இரண்டு சில்லையும் இணைக்கும் ஒரே இரும்பு அச்சு), வில்லுத்தகடு, முன்சில்லு இரண்டிலும் நாலு சில்லு ஓட்டத்துக்குக் கையால் திருப்பிப் பூட்டும் ஹப். நான் 2013இல் வாங்கும்போது அது கண்ணிவெடி அகற்றும் வேலைக்கு ஓடி முடித்திருந்தது. கதவில் இருந்த ஸ்டிக்கரை உரித்துவிட்டார்கள், ஆனால் வெயில் படாத அந்த வட்டம் மட்டும் இன்னும் மற்ற இடத்தைவிட வெள்ளையாக இருக்கிறது. மீற்றர் வயர் அப்போதே அறுந்திருந்தது. எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று கேட்பவர்களுக்கு "நிறைய" என்று சொல்வேன்.

ஏன் இதை விற்றுவிட்டு வேறு வாங்கவில்லை என்று கேட்பார்கள். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், சொந்தப் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்ப விட்டார்கள். இடைப்பட்ட ஐந்து வருடத்தில் பழைய வாகனங்களின் விலை ஏறிய ஏற்றம் எல்லாருக்கும் தெரியும். எங்கள் வயல் மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான் பக்கமாகப் போய், பிரதான றோட்டை விட்டு உள்ளே இறங்க வேண்டிய இடம். கோடையில் மோட்டார் சைக்கிளும் போகும். மாரி தொடங்கிப் பெரும்போகத்துக்கு உரம் ஏற்றும் நேரத்தில் ட்ரக்டர் போகும், இது போகும், வேறொன்றும் போகாது.

சரி, ஒயிலுக்கு வருவோம். இந்த வகை முன் அச்சின் நுனியில் பெரிய இரும்புக் குண்டு ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றி நக்கிள் என்ற கூடு இடம் வலமாகத் திரும்பும். குண்டுக்குள் சில்லைச் சுழற்றும் சிவி ஜொயின்ட், அதைச் சுற்றிக் கெட்டியான கிறீஸ். அச்சுக் குழாய்க்குள் இருப்பதோ தண்ணியான கியர் ஒயில். இந்த இரண்டையும் பிரித்து வைப்பது இரண்டு விரலால் தூக்கக்கூடிய ஒரு சின்ன ஒயில் சீல். அது போனால் கியர் ஒயில் குண்டுக்குள் வந்து கிறீஸைக் கரைக்கும். கரைந்த கஞ்சி வெளிச் சீலைத் தாண்டி டயரில் வழியும்.

எது வழிகிறது என்று அறிய ஒரு சொட்டு எடுத்து விரலில் தேய்த்து மணந்தால் போதும். வெறும் கிறீஸ் என்றால் விரலில் நின்று இழுபடும். கியர் ஒயில் கலந்திருந்தால் ஓடிப்போகும். அதோடு ஜிஎல்-5 ஒயிலுக்கே உரிய கந்தக மணம் மூக்கில் ஏறும். என்னுடையது மணந்தது. அப்போதே உள் சீல்தான் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

நான் வாகனத்தை ஒரு கராஜில் விட்டேன். எந்த ஊர், யாருடையது என்பது இங்கே தேவையில்லை. வெளியில் வழிகிறது, ஆகவே வெளிச் சீலை மாற்றினார்கள். பெல்ட் மாதிரி ஒரு றப்பர், கம்பளித் துணி மாதிரி ஒரு வளையம், பிடிக்க ஒரு தகடு. குண்டைக் கழற்றாமலே, வளையத்தை ஒரு இடத்தில் வெட்டிச் சுற்றிப் போட்டு, மாலைக்குள் வேலை முடிந்தது. பத்து நாளில் பழையபடி வழிந்தது. திரும்பக் கொண்டுபோனேன். இந்த முறை கழற்றி உள் சீலும் போட்டார்கள். மூன்று கிழமை நின்றது. வயல் வாய்க்காலுக்குள் இறக்கி ஏற்றிய அடுத்த நாள் காலையில் டயர் திரும்பவும் கறுப்பு. "அண்ணை, வாகனம் பழசுதானே, கொஞ்சம் ஒழுகும்தான்" என்றார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது இந்தச் சொல்லுக்குத்தான். பழைய வாகனத்தில் இருக்கிற எல்லாப் பிழைக்கும் பழசு என்பதே காரணம் என்றால் கராஜ் எதற்கு?

மூன்றாம் முறை வீட்டிலேயே செய்வது என்று முடிவெடுத்தேன். உதவிக்கு ஒரு தம்பி வந்தான். 2009இல் சின்னப் பெடியனாக மெனிக்பாம் அகதி முகாமில் இருந்தவன், பிறகு வவுனியாவில் ட்ரக்டர் கராஜ் ஒன்றில் வேலை பழகியவன். கதை குறைவு, கை சுத்தம். அவன் வந்ததும் முதலில் என்னிடம் கேட்டது சாமான் இல்லை. "அண்ணை, ஒருக்கா பத்துக் கிலோமீற்றர் ஓடிப்போட்டு வருவமா?"

ஓடிவிட்டு வந்தோம். சில்லைக் கழற்றவில்லை, ஜக் வைக்கவில்லை. நேரே முன் டிபரன்ஷலுக்கு, அதாவது அச்சிலுள்ள பல்லுச்சக்கரப் பெட்டிக்கு, கீழே படுத்து, ஒயில் ஊற்றும் அடைப்பைச் சாவியால் மெல்ல நெகிழ்த்தினான். புஸ்ஸென்று ஒரு சத்தம். சோடாப் போத்தல் திறந்த மாதிரி. கூடவே ஒரு கரண்டி ஒயில் அவன் கன்னத்தில் தெறித்தது. துடைத்துக்கொண்டு, "இதுதான்" என்றான்.

விசயம் இதுதான். அச்சு ஓட ஓடச் சூடாகும், உள்ளே இருக்கிற காற்று விரியும். விரிந்த காற்று வெளியே போக அச்சின் மேலே ஒரு சின்ன மூச்சுவழி இருக்கிறது; பிறீதர் என்பார்கள். பட்டன் அளவு தொப்பி, தட்டினால் கிலுகிலுக்க வேண்டும். எங்களுடையது கிலுகிலுக்கவில்லை. அதன் தொப்பியைச் சுற்றிக் குளவி மண்கூடு கட்டி, அதற்கு மேலே வருடக் கணக்கில் சேறு பிடித்து, சீமெந்து போல இறுகியிருந்தது. மூச்சு அடைபட்ட அச்சு வேறு வழி தேடியது. இருப்பதில் மெலிந்த இடம் அந்தச் சீல். எத்தனை புதுச் சீல் போட்டாலும் காற்று அதைத் தள்ளத்தான் செய்யும். வாய்க்கால் தண்ணிக்குள் இறக்கும்போது நடப்பது இன்னும் மோசம். சூடான அச்சு சட்டென்று குளிர, உள்ளே காற்றுச் சுருங்கி, வெளித் தண்ணியைச் சீல் வழியே உறிஞ்சும். ஒயிலை இறக்கிப் பார்த்தபோது பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தது.

பழைய தொப்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அதன் புரிக்குப் பொருந்தும் பித்தளை முனை ஒன்றைத் திருகி, டீசல் தாங்கும் றப்பர் குழாய் ஒன்றரை மீற்றர் இழுத்து, எஞ்சின் அறைக்குள் பற்றரிக்குப் பின்னால் உயர்த்திக் கட்டினோம். நுனியில் மோட்டார் சைக்கிளின் சின்னப் பெற்றோல் ஃபில்டர் ஒன்று. குளவி இனி அங்கே வீடு கட்டட்டும் பார்க்கலாம்.

ஆனால் நாசமான சீலை மாற்றத்தானே வேண்டும். இங்கேதான் சாமான் தேடும் படலம்.

வவுனியாவில் முதல் கடையில் "ஹைலக்ஸ் முன் சீல்" என்றேன். தந்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது வேறு அச்சின் சீல். ஹைலக்ஸ் என்ற பெயரில் கட்டை அச்சும் உண்டு, டோர்ஷன் பார் போட்ட தனித்தனிச் சில்லு அமைப்பும் உண்டு. பெயர் ஒன்று, சாமான் வேறு. அன்றிலிருந்து கடைக்குப் போகும்போது வாகனத்தின் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டேன். எஞ்சின் அறைக்குள் தகட்டில் இருக்கிற மொடல் எழுத்துகள், அச்சுக் குறியீடு, சேசி நம்பர் மூன்றையும் படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்திருக்கிறேன். அதைவிட நல்லது பழைய சாமானையே கொண்டுபோவது. ஒயில் சீலின் முகத்தைத் துடைத்துப் பார்த்தால் உள் விட்டம், வெளி விட்டம், தடிப்பு மூன்றும் பெரும்பாலும் மில்லிமீற்றரில் பொறித்திருக்கும். டொயோட்டாவின் சொந்த இலக்கம் என்றால் பத்து எண்; 90311 என்று தொடங்கினால் அது ஒயில் சீல். அடுத்த இரண்டு எண் பெரும்பாலும் உள் விட்டமாகவே இருக்கும். இது தெரிந்த பிறகு கடைக்காரர் "இதுதான் அண்ணை, கண்ணை மூடிக்கொண்டு போடுங்கோ" என்று தரும் சாமானை நான் கண்ணைத் திறந்து பார்க்கிறேன்.

மற்றவற்றுக்கு இரவு பஸ் ஏறிக் கொழும்பு. விடிய மருதானையில் இறங்கி, தேத்தண்ணி குடித்துவிட்டு, வாகன உதிரிச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு நடந்தேன். கடை திறக்கும் நேரம் அங்கே பார்க்க வேண்டும். ஒரு கடையில் கதவுகள் மட்டும், ஒரு கடையில் கியர் பெட்டிகள் மட்டும், இன்னொன்றில் ஜப்பானில் இருந்து வெட்டிக் கொண்டுவந்த பாதி வாகனங்கள் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். என் சிங்களம் சந்தைக்குப் போதும், சாமானுக்குப் போதாது. ஆனால் பழைய சீலைப் பலகையில் வைத்தால் மொழி தேவைப்படவில்லை. கடைக்காரர் அதைத் திருப்பிப் பார்த்து, உள்ளே போய், மூன்று பெட்டிகளோடு வந்து வரிசையாக வைத்தார். ஒரிஜினல், ஜப்பான் வேறு கம்பனி, பெயரே இல்லாத ஒன்று. விலை ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம். நான் உள் சீலுக்கு மட்டும் ஒரிஜினல் எடுத்தேன். வெளி றப்பர் செட்டுக்கும் பெயரிங்குக்கும் இரண்டாவது. என் கணக்கு இதுதான்: மாற்ற ஒரு நாள் வேலை வைக்கிற சாமானுக்குக் காசு பார்க்கக் கூடாது. அரை மணித்தியாலத்தில் மாற்றக்கூடியதுக்குப் பார்க்கலாம். கூடவே சில்லு பெயரிங்கை இறுக்கும் நட்டுக்கான 54 மில்லிமீற்றர் சொக்கெட் ஒன்றும் வாங்கினேன். கனம் ஒரு தேங்காய் அளவு.

அந்தச் சொக்கெட் ஏன் என்று வீட்டில் கழற்றும்போது தெரிந்தது. முன்னர் கழற்றியவர்கள் உளி வைத்துச் சுத்தியலால் தட்டித் திருப்பியிருக்கிறார்கள். நட்டின் ஓரம் முழுக்க எலி கரம்பிய மாதிரி.

வாகனத்தைப் பனங்குற்றி இரண்டின் மேல் இருத்தினோம். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே படுப்பது கூடாது. எங்கள் மண் இளகினது. பிறேக் கலிப்பரைக் குழாயில் தொங்கவிடாமல் வில்லுத்தகட்டில் கம்பியால் கட்டினோம். ஹப் கழன்றது, ஸ்பிண்டில் கழன்றது, சிவியோடு சேர்த்து அச்சை உருவினோம். ஸ்டியரிங் கை மட்டும் வரவில்லை. அதன் நான்கு நட்டையும் கழற்றியும் அசையாது. நட்டுக்குக் கீழே கூம்பு மாதிரி வோஷர் ஒன்று இறுகிப் பிடித்திருக்கும். நெம்பக் கூடாது. நட்டைப் புரி நுனி மட்டம் வரை திரும்பப் பூட்டி, பித்தளைத் துண்டு வைத்து ஸ்டியரிங் கையின் பக்கவாட்டில் தட்ட வேண்டும். ஏழெட்டுத் தட்டுக்குப் பிறகு கூம்பு தானாகத் துள்ளி எழும்பியது. இரண்டு கண்களும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தும், எங்கே போய் விழுந்தது என்று தேட அரை மணித்தியாலம் போனது.

உருவிய அச்சை மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பிடித்தால் இன்னொரு காரணமும் தெரிந்தது. சீலின் உதடு உரசுகிற இடத்தில் சுற்றிவர ஒரு பள்ளம். நகத்தை வைத்து இழுத்தால் நகம் தடக்கி நிற்கிறது. முப்பது வருடம் ஒரே இடத்தில் உரசின றப்பரும், அதில் ஒட்டின மணலும் இரும்பைத் தின்றிருக்கிறது. புதுச் சீலின் உதடு அந்தப் பள்ளத்தில் சரியாக உட்காராது. கிளிநொச்சியில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த ஐயா கண்ணாடியை நெற்றியில் இருந்து இறக்கிப் பார்த்துவிட்டு, "ஒட்டு வைச்சுக் கடைஞ்சு தரலாம் தம்பி. ஆனா சூட்டில அச்சு வளைஞ்சா நான் பொறுப்பில்லை. செய்யாதேங்கோ" என்றார். வேலையை வேண்டாம் என்று சொல்கிற வேலைகாரரை நான் நம்புவேன். அவரே வழியும் சொன்னார்: சீலை அடிவரை இறக்காமல் இரண்டு மில்லிமீற்றர் வெளியே நிறுத்துங்கோ, உதடு பள்ளம் இல்லாத இடத்தில் பிடிக்கும்.

அப்படியே செய்தோம். அச்சைத் திரும்ப நுழைக்கும்போது தம்பி ஒன்றைக் காட்டினான். அச்சின் நுனியில் பல்லுகள் இருக்கின்றன. பாரத்தில் அச்சைக் கீழே சாயவிட்டுத் தள்ளினால் அந்தப் பல்லு புதுச் சீலின் உதட்டைக் கீறிக்கொண்டு போகும். வெளியே ஒன்றும் தெரியாது, மூன்று கிழமையில் ஒழுகும். மூன்று கிழமை என்றதும் எனக்கு வேறொரு கராஜ் ஞாபகம் வந்தது. நாங்கள் உதட்டுக்குக் கிறீஸ் தடவி, நான் வெளி நுனியைத் தூக்கிப் பிடிக்க, அவன் கண்ணை வைத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக உள்ளே விட்டான். பல்லு டிபரன்ஷலில் பிடித்த அந்த டக் கையில் தெரிந்தது.

உண்மையில் இதற்கு முதலே ஒரு வேலை இருந்தது. நக்கிள் திரும்புகிற மேல் கீழ் பெயரிங் இரண்டும் தேய்ந்திருந்தன. புதியது போட்டால் எத்தனை இறுக்கம் என்று பார்க்க வேண்டும். இறுக்கத்தைக் கூட்டிக் குறைப்பது மெல்லிய ஷிம் தகடுகள். மேலே இருந்ததை மேலேயும் கீழே இருந்ததைக் கீழேயும் வைக்க வேண்டும், கலக்கக் கூடாது. நாங்கள் அவற்றை இரண்டு சிரட்டையில் போட்டு வைத்தோம். இறுக்கத்தை அளப்பது எப்படி? அச்சும் சீலும் போடாமல் நக்கிளை வெறுமையாகப் பூட்டி, ஸ்டியரிங் கையின் ஓட்டையில் கொக்கித் தராசை மாட்டி இழுக்க வேண்டும். எத்தனை கிலோவில் அசைகிறது என்பதுதான் அளவு.

கொக்கித் தராசுக்கு எங்கே போவது? ஒன்பது மணிக்கு வழமைபோல முல்லைத்தீவில் இருந்து மீன்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து ஹோர்ன் அடித்தார். ஒரு கிலோ சூடை வாங்கினேன், கூடவே தராசை ஐந்து நிமிசம் தாங்கோ என்றேன். அவர் மீன் பெட்டியை மூடிவிட்டுத் தராசோடு தானும் உள்ளே வந்து குந்திவிட்டார். இழுத்தோம். நாலே கால் கிலோவில் நக்கிள் அசைந்தது. எங்களிடம் இருந்த வேர்க்ஷொப் புத்தகப் பிரதியின் அளவுக்குள். "என்ன, நிறை சரியோ?" என்று கேட்டார். சரி என்றேன். "என்ர தராசு பிழைக்காது" என்றார், அதில் ஏதோ பழைய வழக்கு இருக்கிற மாதிரி.

குண்டுக்குள் மொலிப்டினம் கிறீஸ் முக்கால்வாசி நிரப்பினோம். டிபரன்ஷலுக்குப் புது 80டபிள்யூ-90 கியர் ஒயில். அன்று இருட்டுப் படும்போது சில்லு பூட்டியாகிவிட்டது.

பூட்டி முடித்து ஏறித் திறப்பைத் திருப்பினால் டக். அவ்வளவுதான். திரும்பவும் டக். இந்தப் பிழை முன்பும் வந்து போயிருக்கிறது. போன வருடம் இதற்காகப் புதுப் பற்றரி வாங்கி ஏமாந்தவன் நான். லைற் மங்காமல் எரிகிறது, ஸ்டார்ட்டர் டக் என்று மட்டும் சொல்கிறது என்றால் பற்றரியைத் தொடாதீர்கள். நெகற்றிவ் வயரைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரை இறக்கி, அதன் சொலனோயிட் (மின்சாரச் சுவிட்ச்) மூடியின் மூன்று போல்ட்டைக் கழற்றினால் உள்ளே இரண்டு செப்புத் துண்டு. பிளஞ்சர் தகடு வந்து இந்த இரண்டிலும் ஒரே நேரத்தில் முட்ட வேண்டும். என்னுடையதில் ஒன்று பாதி தின்னப்பட்டிருந்தது, மற்றது பரவாயில்லை. தகடு ஒன்றில் முட்டி மற்றதில் முட்டாமல் நின்றது. புதுத் துண்டு இரண்டும் பஞ்சிகாவத்தையில் சில்லறைச் சாமான். ஆனால் நான் திரும்பி வந்து இரண்டு நாள் ஆகிவிட்டது.

லேத் ஐயா இதையும் தீர்த்தார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது வன்னிக்குள் பற்றரியும் எரிபொருளும் வருவதே பெரும்பாடு, இதில் ஸ்டார்ட்டர் செப்புக்கு எங்கே போவது என்றார். அன்று தடித்த செப்புத் தகட்டை அரிந்து அரம் போட்டுச் செய்ததாம். இன்றும் அவர் மேசை லாச்சிக்குள் ஒரு தகடு இருந்தது. அரிந்து, வளைத்து, ஓட்டை போட்டு, இரண்டின் உயரத்தையும் ஒரே மட்டத்துக்குத் தேய்த்துத் தந்தார். கடையில் வாங்கினதைப் பிறகு வருவித்து வைத்திருக்கிறேன், இன்னும் பெட்டி திறக்கவில்லை. அவருடையது ஓடிக்கொண்டிருக்கிறது.

காலையில் ஸ்டார்ட் பண்ணினால் ஒரு நிமிசம் தடுமாறுவது இன்னும் தீரவில்லை. டீசல் ஃபில்டருக்குப் பிறகு ஒரு துண்டு கண்ணாடிக் குழாய் போட்டுப் பார்த்தேன். காற்றுக் குமிழி ஓடுகிறது. ஃபில்டர் தலையில் கையால் அமுக்கும் பம்பின் றப்பர்தான் சந்தேகம். அது அடுத்த முறை.

மாரி தொடங்கி அந்த வாய்க்காலை இதுவரை ஆறு தரம் கடந்தாயிற்று. ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து முதல் வேலையாக இடது சில்லுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்க்கிறேன். சேறு மட்டும்தான். வலது பக்கத்தில் போன கிழமை விரலில் கொஞ்சம் கறுப்பு ஒட்டியது, மணந்தால் கந்தகம். அதற்கான சீல் பிஸ்கற் ரின்னுக்குள் தயாராக இருக்கிறது. மீன்காரரிடம் தராசு கேட்டேன். தருவேன், ஆனால் இந்த முறை கொக்கியில் கிறீஸ் இருக்கக் கூடாது, போன தரம் சனம் மீனில் என்ன மணம் என்று கேட்டது என்றார்.